எனக்கு முதல் இருந்த டீச்சர்

தொண்டை கட்டுவதும் குதிக்கால் நோவதும் ஆசிரியத் தொழிலில் வழமையான வருத்தங்கள். அவற்றுக்கு மருந்துக் கடையில் ஏதாவது கிடைக்கும். ஆனால் ஒரு நல்ல டீச்சர் இருந்த இடத்துக்கு அடுத்த டீச்சராகப் போய்ப் பாருங்கள், அந்த வருத்தத்துக்குப் பெயரே இல்லை. இதை வாசிக்கிறவர்களில் அப்படிப் போய் அகப்பட்டவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

நான் வவுனியாவில் இருந்து திருகோணமலைக்கு மாறி வந்தேன். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற பள்ளிக்கூடம். என்னுடைய பாடம் விஞ்ஞானம். எனக்கு முதல் அதைப் படிப்பித்தவர் யோகமலர் டீச்சர். படிப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே வருத்தம் வந்து செத்துப்போனார். நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை. அவர் கதைத்துக் கேட்டதும் இல்லை.

இரண்டு வணக்கம்

முதல் நாள் பத்தாம் வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொன்னார்கள். நானும் சொன்னேன். யாரும் கதிரையில் அமரவில்லை. எல்லா முகமும் மெல்ல யன்னல் பக்கம் திரும்பியது. அங்கே ஆள் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் வேப்பமரமும், அதன் கீழ் நின்ற, இந்த ஊர்த் தெருவெல்லாம் திரிகிற மான்களில் இரண்டும், அதற்கு அப்பால் கடலும்தான். அந்த வெறும் இடத்தைப் பார்த்து இன்னொரு தரம் "வணக்கம் டீச்சர்" என்றார்கள். பிறகுதான் அமர்ந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. குறும்பாக இருந்தால் எனக்குக் கையாளத் தெரியும். இது குறும்பு இல்லை.

யோகமலர் டீச்சர் பாடம் தொடங்க முதல் அந்த யன்னலடியில் நின்று கொஞ்ச நேரம் துறைமுகத்தைப் பார்ப்பாராம். வகுப்பு அடங்கிய பிறகுதான் திரும்புவாராம். இதை எனக்குச் சொன்ன வகுப்புத் தலைவி, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சமாதானம் சொன்னாள்: "முதல் வணக்கம் உங்களுக்குத்தான் டீச்சர். ஆனா அங்கயும் சொல்லாட்டி, அவ நிண்டுகொண்டே இருப்பா போலக் கிடக்கும்."

மேசையில் தட்டுவது

தவணைப் பரீட்சை. ஆறாம் வகுப்புக்கு நான் மேற்பார்வை. வினாத்தாளைக் கொடுத்து, "தொடங்குங்கோ" என்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கணம் மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் டொக், டொக். எல்லாப் பிள்ளையும் விரல் மொட்டியால் மேசையில் இரண்டு தரம் தட்டிவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கியது. கடைசி வரிசையில் அன்றைக்கு வராத பிள்ளையின் மேசைப் பக்கமும் சத்தம் வந்தது. எதிரொலி என்று எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டேன்.

கடினமான கணக்கு வந்தால் யோகமலர் டீச்சர் அப்படித் தட்டி, "அவசரப்படாதேங்கோ, விடை எங்கயும் ஓடாது" என்பாராம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் தட்டினால் விளங்கிக்கொள்ளலாம். இவர்கள் அவரிடம் படிக்காதவர்கள்; பலர் அவர் போன பிறகு இந்தப் பள்ளிக்கு வந்தவர்கள். முன் மேசையில் இருந்த சின்னப் பெண்ணிடம் யார் இதைச் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லித் தரேல்லை டீச்சர். கை தானாத் தட்டுது."

ஆஸ்பத்திரியில் கேட்ட குரல்

காய்ச்சல் விடாமல் நின்றதால் இரத்தம் சோதிக்கப் போனேன். என் கையில் நரம்பு அகப்படுவது கஷ்டம். ஊசியோடு நின்ற நேர்ஸ் இளம் பெண். தட்டத்தின் விளிம்பில் விரலால் இரண்டு தரம் தட்டினாள். "அவசரப்படாதேங்கோ, நரம்பு எங்கயும் ஓடாது" என்றாள். கடைசிச் சொல்லில் குரல் மெல்லக் கரகரத்து இறங்கியது. எங்கள் வகுப்புகளில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பதில் சொல்லும்போதும் குரல் அந்த இடத்தில் அப்படித்தான் இறங்கும். கேட்காத ஒரு குரலை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்க யோகமலர் டீச்சரிட்டப் படிச்சனீங்களோ?" என்று கேட்டேன். "ஓம். எப்பிடித் தெரியும்?" என்றாள். உங்கட குரல் காட்டித் தந்தது, நான் இப்ப அவவின்ட இடத்தில் படிப்பிக்கிறன் என்றேன். அவள் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, சாதாரணமாகச் சொன்னாள்: "இது அவவின்ட குரல் டீச்சர். எனக்கெண்டு ஒரு குரல் இருந்தது, அது எப்பிடி இருந்ததெண்டு மறந்துபோச்சு."

சப்னா

சப்னாவின் வீடு புல்மோட்டையில். பட்டணத்தில் உம்மாவின் தங்கச்சியான சாச்சி வீட்டில் தங்கி, பன்னிரண்டாம் வகுப்பில் ஏ.எல் உயிரியல் படித்தாள். வாப்பாவின் வள்ளத்து இஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை. கணிதத்தில் புலி. ஆனால் இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவாள். பிறகு ஏன் உயிரியல்? பதினோராம் வகுப்பில் ஓ.எல் படிக்கும்போது யோகமலர் டீச்சர் எல்லார் முன்னாலும், "நீ டொக்டராத்தான் வருவாய்" என்று சொல்லியிருக்கிறார். சொன்ன சில மாதத்தில் ஆளும் இல்லை. உயிரோடு இருக்கிறவரிடம் போய் மறுத்துக் கதைக்கலாம். சப்னா யாரிடம் போவாள்? பிரிவு மாற்றலாம் என்று உம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மௌத்தானவங்க சொன்ன சொல்ல நாங்க எப்படி டீச்சர் மாத்துற?" என்று அவர் கண் கலங்கினார்.

பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். ஒருநாள் இடைவேளை நேரம் ஆய்வுகூடத்தைத் திறந்தால், போத்தலுக்குள் மிதக்கிற தவளைக்கு முன்னால் சப்னா தனியாக இருக்கிறாள். முகம் வெளிறி, வேர்த்து ஒழுகுகிறது. கண்ணை மூடாமல் அதையே பார்த்தபடி, "விடை எங்கயும் ஓடாது, விடை எங்கயும் ஓடாது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். கணிதம் படிக்கலாம், இன்னும் நாள் இருக்கு, உம்மாவோடு நான் கதைக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். ஒரு சொல்லும் அவளுக்குள் இறங்கவில்லை. நான் அங்கே நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் திட்டம் போட்டுச் செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யன்னலடிக்குப் போனேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துறைமுகத்துக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலைப் பார்த்தேன். என் விரல் யன்னல் கட்டையில் இரண்டு தரம் தட்டியது. "சப்னா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். நீ இஞ்சினியரா வா" என்று ஒரு குரல் சொன்னது. என் வாயில் இருந்துதான் வந்தது. கடைசிச் சொல்லில் கரகரத்து இறங்கியது. பின்னால் பெரிய அழுகை. அழுது முடித்து, தண்ணீர் குடித்து, போத்தலைத் தானே எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். அடுத்த கிழமையே கணிதப் பிரிவுக்கு மாறினாள். இப்போது முகத்தில் இரத்தம் ஓடுகிறது, நன்றாகச் செய்கிறாள். உம்மாவும் மறு பேச்சுப் பேசவில்லை. வகுப்பு மாறுகிற அன்று நன்றி சொல்ல வந்தவள், போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டன் டீச்சர். அவங்களே வந்து சொன்னதாலதான் கேட்டன்."

அம்மாவின் அழைப்பு

இது சின்னக் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் வவுனியாவில் இருந்து அம்மா ஃபோன் எடுப்பார். அன்றைக்கும் எடுத்தார். "சொல்லுங்கோ அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன். திரும்பவும் கேட்டேன். அம்மா தொண்டையைச் செருமி, முன்பின் தெரியாத ஒருவரோடு கதைக்கிற மரியாதையோடு சொன்னார்: "குறை நினைக்காதேங்கோ பிள்ளை, ஃபோனை ஒருக்கா என்ட மகளிட்டக் குடுங்கோ."

வாசலில் நின்றவர்

யோகமலர் டீச்சரின் தங்கச்சி வெளிநாட்டில் இருந்து வந்திருந்தார். அக்காவின் புத்தகங்களைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். பள்ளி அதிபர் அவரை விறாந்தையால் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் சுட்டெரிக்கிற மத்தியானம். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் இருந்தது. ஏதோ தோன்றித் திரும்பினால், வாசலுக்கு ஒரு பக்கமாக ஒரு பெண், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறார். அதிபர் பக்கத்தில் செய்வதறியாமல் நிற்கிறார்.

வெளியே போனேன். யார் என்று அதிபர் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆளில்லாத வீட்டுக்குள் நின்று பிடிபட்ட மாதிரி. உங்கட அக்காவை நான் கண்டதே இல்லை, இந்தக் குரல் எப்படி வந்ததென்று எனக்கே விளங்கவில்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். நான் கதைக்கக் கதைக்க அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வருத்தம் முற்றிய கடைசி நாட்களில் அக்காவுக்குக் கதைக்க ஏலாமல் போனதாம். தான் கடல் கடந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்ததாம். அதைச் சொல்லிவிட்டு, மூடிய கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்தார். "நீங்க உள்ளுக்குப் போய்ப் பாடத்தைச் சொல்லுங்கோ பிள்ளை, நான் உங்களைப் பாக்காமல் இதிலயே நிண்டு அக்காவைக் கேட்டிட்டுப் போறன்."

எனக்குப் பிறகு இந்த வகுப்புக்கு வரப்போகிறவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது, அவர் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும்.