முழு நிமிஷம்

ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றைந்து என்று நல்ல எண்ணாகக் காட்டும்போது, ஒருவருக்கு உள்ளே எப்படி மோசமாகிக்கொண்டிருக்க முடியும்? சித்தி என்னிடம் கேட்ட கேள்வி இது.

சித்தி நுரையீரல் வார்டில் மூத்த நர்ஸ். வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு அங்கே மூக்குக்குழாய் வழியாக வேகமாக ஆக்சிஜன் கொடுப்பார்கள். பலர் அதிலேயே தேறிவிடுவார்கள். சிலருக்கு அது போதாது, வெண்டிலேட்டரில் போட வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

அந்தக் கணிப்பில் சித்தியை மிஞ்ச ஆளில்லை, புதிதாக ஒரு சின்னவள் வேலைக்கு வரும்வரை. அவள் சொன்னால் சொன்னபடி நடந்தது. வார்டே அவளை 'ஜோசியம்' என்று கூப்பிட்டது. டாக்டர்கூட, "ஜோசியம் என்ன சொல்லுது?" என்று கேட்டபடிதான் உள்ளே வருவார். சித்திக்கு வயிறு பற்றி எரியும்.

"ஏம்மா, கிளியை எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"கிளியெல்லாம் இல்லக்கா. எவ்வளவு ஆக்சிஜன் குடுத்து அந்த நம்பர் வருதுன்னு பாப்பேன். அப்புறம் ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுவேன். நீங்க கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கிடுறீங்க."

அன்றிலிருந்து யாரும் பார்க்காதபோது சித்தியும் முழு நிமிஷம் எண்ணினாள். ஒரு தடவையாவது சின்னவளின் மூக்கை உடைத்துவிட வேண்டும்.

அதற்கு நேரம் வந்தது. சின்னவளின் அண்ணன் அதே காய்ச்சலோடு வந்து படுத்தான்.

"தொண்ணூத்தஞ்சு இருக்குக்கா. தேறிடுவான்."

"எண்ணினியா?"

சின்னவள் அவன் போர்வையைச் சரிசெய்தாள்.

சித்தி எண்ணினாள். முப்பத்தெட்டு. சாதாரணமாக இருபதைத் தாண்டாது. காலையில் இருந்ததைவிடவும் அதிகம். ஆக்சிஜனையும் கிட்டத்தட்ட முழுசாகத் திறந்துவிட்டிருந்தார்கள். அத்தனையும் கொடுத்து, அவன் அப்படி இழுத்து இழுத்து மூச்சு விட்டுத்தான் அந்தத் தொண்ணூற்றைந்து. தன் பொறாமைதான் கூட்டி எண்ணுகிறதோ என்று சித்திக்குச் சந்தேகம் வந்தது. மறுபடியும் எண்ணினாள். அதே முப்பத்தெட்டு.

"இதுல தாங்க மாட்டான்மா. டாக்டரைக் கூப்பிடுறேன்."

"நான் தோக்கணும், உங்களுக்கு அதானேக்கா வேணும்?"

"வேணும்தான். ஆனா உன் அண்ணனை வச்சு இல்ல."

டாக்டர் வந்து தானும் எண்ணிப் பார்த்தார். அன்றே அவனை வெண்டிலேட்டருக்கு மாற்றினார்கள். அவன் பிழைத்தான். கிளம்பும் நாளில் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "என் தங்கச்சி இருந்ததால தப்பிச்சேன்" என்றான். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு, "அக்காதான்டா எண்ணினாங்க" என்றாள். அதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருந்தான். சித்திக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். யாராவது மூச்சு வாங்கிக் கிடந்தால் விரலில் மாட்டிய கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், மூச்சையும் முழு நிமிஷம் எண்ணச் சொல்லுங்கள். எண்ணியது சித்திதான் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.