கோட்டுப் பையில் ஒரு பல்ப்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் சிறி அண்ணை, அவருடைய மனைவி மலர் அக்கா, என்னோடு மற்ற அறையில் இருந்த தவம், சாப்பாட்டுக்கு வந்திருந்த யோகன் அண்ணை, பிறகு நான். ஆளை எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு பல மாதங்கள் இந்த ஐந்து பேரையும் விரல் மடித்து எண்ணிக்கொண்டே திரிந்தேன். யார் கேட்டிருப்பார், யார் கேட்டிருக்க மாட்டார், கேட்டவர் யாருக்குச் சொல்லியிருப்பார் என்று.

போன கிழமை மோர்னிங்சைட்டில் ஒரு கடைக்கு, குளியலறைக்குப் பல்ப் வாங்கப் போனேன். கடையில் நின்ற பிள்ளை ஒரு பல்பைக் கொளுவியில் பூட்டி எரியவைத்துக் காட்டிவிட்டு, கழற்றி என்னிடம் நீட்டியது. நான் சட்டை நுனியை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டுதான் வாங்கினேன். “இது சுடாது அங்கிள், சும்மா பிடியுங்கோ” என்று சிரித்தது. உண்மைதான், சுடவில்லை. மணமும் இல்லை. எரிந்து அணைந்த பழைய பல்புக்கு, தூசி கருகின மாதிரி ஒரு மணம் இருக்கும். துணியில் பட்டால் அந்த மணம் இரண்டு நாள் போகாது. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் இந்தக் கதை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோ, டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி. நான் கனடாவுக்கு வந்து எட்டு மாதம். இரண்டு படுக்கையறை வீடு, ஒன்றில் சிறி அண்ணை குடும்பம், மற்றதில் தவமும் நானும். பிரிட்ஜுக்குள் பால் பெட்டியில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். தவத்தின் முட்டையில் கூட நம்பர் இருக்கும். அவன் நம்பிக்கை இல்லாதவன் என்று நினைக்க வேண்டாம், எண்ணத் தெரிந்தவன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு நன்றாக வந்த ஒரே வேலை யோசிப்பது. வேலைக்குப் போகப் பஸ் ஏறின பிறகு அடுப்பை நிப்பாட்டினேனா என்று இறங்கித் திரும்பி வந்து பார்த்த நாட்கள் இருக்கின்றன. அதுவும் நான் அடுப்பே மூட்டாத நாட்களில்.

அப்போது பெரிய யோசனை ஒன்றுதான். பதினொரு நாளில், வியாழக்கிழமை, என்னுடைய அகதி வழக்கு விசாரணை. பத்திரத்தில் நான் வந்த வழி என்று எழுதியிருந்தது கொழும்பு, பாங்கொக், பிறகு நேரே இங்கே. உண்மை அதுவல்ல. இடையில் ஐந்து மாதம் மொஸ்கோவில் இருந்தேன். “அந்த ஊரின்ர பேரை வாயிலை எடுத்தால் உன்ர கேஸ் சரி” என்று என்னைக் காசு வாங்கிக் கள்ளமாக இங்கே அனுப்பின ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். சரி என்றால் முடிந்தது என்று அர்த்தம். நான் எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கிப் பாடமாக்கி, பாங்கொக் ஹோட்டலின் கதவு என்ன நிறம் என்று கேட்டாலும் சொல்லக்கூடிய நிலைக்கு வந்திருந்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் வெளியே பனி கொட்டியது. மலர் அக்கா குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். ரிவியில் எதைத் திருப்பினாலும் ஹொக்கி. கடைசியில் பிரெஞ்சுச் சானலில் ஒரு பகிடிப் படம் அகப்பட்டது. எங்களில் பிரெஞ்சு தெரிந்தவர் யோகன் அண்ணை மட்டும். மூன்று வருடம் மொன்றியலில் கோப்பை கழுவிப் பிடித்த பாஷை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அகதி விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்தார். இது எனக்கும் தெரியும். அதனால் அவர் வந்தால் நான் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவேன்.

படம் பொதுவுடைமை ஆட்சிக்கால மொஸ்கோவைப் பற்றியது. பிரெஞ்சுக்காரர் எடுத்த மொஸ்கோ. பனி என்று பஞ்சைக் கொட்டியிருந்தார்கள், ஒருவர் வாயிலிருந்தும் புகை வரவில்லை. ஒரு கிளாக்கருக்குப் பாரிஸில் இருக்கிற மச்சான் ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்புகிறான். அதை அறைக்குள் ஒளித்து வைக்கிறார். மணம் பிடித்து முழுக் கட்டிடமும் கதவடியில் வந்து வரிசையாக நிற்கிறது. பின்னால் வந்தவர்கள் எதற்கு வரிசை என்று தெரியாமலே நிற்கிறார்கள். யோகன் அண்ணை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, நாங்கள் பிந்திப் பிந்திச் சிரித்தோம். “பாவம், ஆளுக்கு ஒண்டு குடுக்கலாம்தானே” என்று மலர் அக்கா குசினியிலிருந்து நியாயம் சொன்னார். படத்தில் பொதுக் குசினியையும் பெயர் ஒட்டின பானைகளையும் காட்டினபோது, உது எங்கட பிரிட்ஜ்தானே என்று தவம் விழுந்து சிரித்தான்.

சிரிக்காதவர் சிறி அண்ணை. ஊரில் அவர் சிவப்புச் சட்டைக்காரர். மே தின ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தவர். மொஸ்கோவில் அச்சடித்து வந்த வழுவழுப்பான தமிழ்ப் புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டைச் சூட்கேசில் அடுக்கிக் கனடாவுக்கும் கொண்டு வந்தவர். அந்த நாடு உடைந்து கொஞ்ச நாள்தான். மற்றவர்களுக்கு அது செய்தி, அவருக்குச் செத்த வீடு.

பிறகு அந்தக் காட்சி வந்தது. நீளமான நடையின் முடிவில் ஒரு கழிப்பறை. உள்ளே கூரையிலிருந்து ஏழு பல்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. கிளாக்கர் பக்கத்து அறைக்குள் பூந்து ஒரு சுவிட்சைத் தட்டி, ஒன்றை மட்டும் எரியவைத்துக்கொண்டு உள்ளே போக, வெளியே ஒரு பெண் வந்து கத்துகிறாள். யோகன் அண்ணைக்கு அந்த இடம் பிடிபடவில்லை. ஏதோ விழாவுக்குச் சோடித்திருக்கிறார்கள் போல என்றார். கக்கூசிலையோ என்று தவம் கேட்டான்.

சிறி அண்ணைக்குப் பொறுக்கவில்லை. “உது முழுப்பொய். அங்கை தொழிலாளிக்குத் தனி வீடு. உவங்கள் காசுக்காக ஒரு நாட்டைக் கக்கூசாக்கிக் காட்டுறாங்கள்.”

நான் பேசியிருக்கக் கூடாது. எட்டு மாதம் பேசாமல் இருந்தவன். ஆனால் ஒரு பக்கம் விழா, மறு பக்கம் பொய் என்று சொன்னால், தெரிந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது.

“பொய்யில்லை அண்ணை,” என்றேன். “ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பல்ப். சுவிட்ச் அவையவையின்ர அறைக்குள்ளை. கரண்ட் காசு பிரிக்கத்தான். அந்த மனிசி கத்துறது, அவவின்ர பல்ப் எரியுது எண்டு.”

ரிவியில் அந்தப் பெண் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்ட, கிளாக்கர் இருட்டில் கத்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உனக்கு எப்பிடியடா தெரியும்?” என்றான் தவம்.

“எங்கையோ வாசிச்சனான்.”

“நீயோ? கோன் பிளேக்ஸ் பெட்டியே வாசிக்காத ஆள்.”

தவம் சிரித்தான். சிறி அண்ணை எழும்பிப் பல்கனிக்குப் போனார். மலர் அக்கா ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். யோகன் அண்ணை மட்டும் என்னைப் பார்க்காமல் ரிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து மொழிபெயர்த்தார். படத்தின் முடிவு என்ன என்று கேட்காதீர்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

மொஸ்கோவில் எங்களை ஏஜென்சி போட்டு வைத்ததும் அப்படி ஒரு கூட்டு வீட்டில்தான். ஏழு கதவு, ஏழு குடும்பம், அதில் ஒரு அறையில் நாங்கள் ஒன்பது பேர். கழிப்பறையில் எங்களுக்குரிய இடத்தில் பல்ப் இல்லை, வெறும் கொளுவிதான். ஏஜென்சி வாங்கித் தராது. குணம் என்று ஒருவன், ஊரில் கொடிகாமப் பக்கத்து ஆள், தன் காசில் ஒன்று வாங்கினான். விட்டால் யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று போகும்போது பூட்டி, வரும்போது கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவான். பல்பைப் பூட்டின பிறகுதான் சுவிட்சைப் போடலாம், சுவிட்சோ அறைக்குள் என்பதால் இரண்டு பேர் வேண்டும். அவன் போனால் நான் சுவிட்சடியில், நான் போனால் அவன். முடிந்ததும் சுவரில் இரண்டு தட்டு. ஐந்து மாதம் இதுதான் எங்கள் சிநேகிதம். “சுடும், கவனம்” என்று சொல்லித்தான் பல்பைத் தருவான். அவனுடைய கோட்டுப் பையில் கருகின மணம் நிரந்தரமாக இருந்தது.

எனக்கு ரிக்கெற் வந்தபோது ஏஜென்சி கடைசி நேரத்தில் இன்னும் காசு கேட்டது. குணம் தன் சப்பாத்துக்குள் வைத்திருந்ததை எடுத்துத் தந்தான். அவனுக்கும் அதுதான் கடைசி. “போய் முதல் மாசமே அனுப்பு. இல்லாட்டில் நான் இஞ்சை இருட்டிலைதான்” என்றான்.

அனுப்பவில்லை. மனம் இல்லாமலல்ல. ஒரு போன் எடுத்து எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தால் போதும். நம்பர் என்னிடம் இருந்தது. ஆனால் தூர இடத்துக்கு எடுத்தால் மாதக் கடைசியில் பில்லில் ஊரின் பெயரை எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். சிறி அண்ணையின் பெயருக்கு வருகிற பில். அதில் மொஸ்கோ என்று இருந்தால்? தெரு போன்பூத்தில் நின்று பேசினாலும் பக்கத்தில் நிற்கிறவர் கேட்டுவிட்டால்? கேஸ் முடியட்டும், பிறகு எடுப்போம் என்று எட்டு மாதம்.

சாப்பிட்டு முடிய யோகன் அண்ணை புறப்பட்டார். லிஃப்ட் வரை வா என்று கூப்பிட்டார். போனேன்.

“வியாழன் உன்ர கேசுக்கு என்னைத்தான் போட்டாலும் போடுவாங்கள்,” என்றார். “நான் வரமாட்டன், வேறை ஆளைப் போடச் சொல்லுறன். தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி மொழிபெயர்க்க எனக்கு வராது. நீ லோயரிட்டை உள்ளதைச் சொல்லு.”

நான் தலையாட்டினேன். லிஃப்ட் வந்தது. அவர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அங்கை ஆரோடை இருந்தனி? மொன்றியலிலை அந்த வழியாலை வந்த பெடியள் கன பேர். ஆரையும் விசாரிக்க வேணுமெண்டால் சொல்லு.”

பெயரைச் சொன்னால், ஒரு பெயருக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வரும் என்று பயந்தேன்.

“ஒருத்தரும் இல்லை,” என்றேன். “தனியத்தான்.”

லோயரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை வேறு ஒரு பெண் மொழிபெயர்க்க வந்தார். ஊரில் நடந்ததைத்தான் கேட்டார்கள். வந்த வழியைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. பாங்கொக் ஹோட்டலின் பச்சைக் கதவு வீணாய்ப் போனது.

ஏற்றுக்கொண்டோம் என்று முடிவுக் கடிதம் வந்த அன்றே தெரு போன்பூத்திலிருந்து மொஸ்கோ நம்பருக்கு எடுத்தேன். ஒரு ரஷ்யப் பெண் ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டார். மூன்று முறை. யோகன் அண்ணையிடம் போக வெட்கம். முகத்துக்கு நேரே ஒருத்தரும் இல்லை என்று சொன்னவன் நான். இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் கண்டபோதுதான் குணத்தின் பெயரைச் சொன்னேன். அவர் சாப்பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். “அண்டைக்குக் கேட்டிருக்கலாமே. அந்த வீட்டிலை இருந்து வந்த ஒருத்தன் அந்த மாசம் என்னோடைதான் தங்கினவன். குணம் இன்னும் அங்கை எண்டு சொன்னவன். இப்ப அவன் இங்கிலாந்துப் பக்கம், தொடர்பில்லை.”

அதற்கு மேல் தகவல் இல்லை. அந்த வீட்டில் மிஞ்சியவர்களில் சிலரைத் திருப்பி அனுப்பினார்களாம், சிலர் காட்டு வழியால் நடந்தார்களாம். சிறி அண்ணை ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போனார், அந்தப் புத்தகங்களைக் கடைசியாகக் கராஜில் கண்டேன். யோகன் அண்ணை காலமாகிவிட்டார். போன்பூத்துகளைக் கழற்றிவிட்டார்கள். பில்லில் ஊரின் பெயர் இப்போது யாருக்கும் வருவதில்லை. சுடுகிற பல்பைக் கேட்டால் கடைப்பிள்ளை சிரிக்கிறது. குணத்துக்கு நான் கொடுக்க வேண்டியது அறுபது அமெரிக்க டொலர்.