முழங்கையில் ஒரு தட்டு

கடல்காற்றுக்குப் பயந்து பீடியைச் சுண்டுவிரல் இடுக்கில் செருகி, முஷ்டி வழியாக இழுப்பது எங்கள் வழக்கம். அப்படி இழுத்தபோது இடக்கைச் சுண்டுவிரல் பொசுங்கியது. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

துறைமுகத்தில் எனக்கு வின்ச் வேலை (நீராவியால் மூட்டை தூக்கும் இயந்திரம்). இடது முழங்கையை இரும்புத் தகட்டில் ஊன்றித்தான் நெம்புகோலைப் பிடிப்போம். பிடி தளர்ந்ததும் நான் என்ன செய்தேன்? இன்னும் அழுத்தி ஊன்றினேன். மடத்தனம்தான். அங்கே எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

மாதங்கள் போக, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொண்டன. எங்கள் பேட்டையான கல்மண்டபத்தில் பார்த்தவர்களெல்லாம் பெருவியாதி (குஷ்டம்) என்றார்கள். என் மனைவி ரோசலி எனக்குத் தனித் தட்டு வைத்தாள்.

“பாப்பா இனிமே உன்னாண்ட வராதுய்யா. கோச்சிக்காத, எனக்கு பயமாகீது,” என்று அழுதாள்.

எங்கள் மகள் லூர்து அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் மாதா கோயிலுக்கு வருவாள். அதுவும் நின்றது. ரோசலியை அடித்துவிடலாம் போல இருந்தது. பெற்றவள் வேறு என்ன செய்வாள் என்றும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உடம்பெங்கும் தேமல் தேடினார். ஊசியால் குத்திக்கொண்டே போனார். மரப்பு சுண்டுவிரல் பக்கத்தோடு நின்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காகிதம் கொடுத்து இழுத்தார். வலக்கை விடவில்லை. இடக்கையில் கட்டைவிரல் நுனி மடங்கித் தவித்தும் காகிதம் உருவிக்கொண்டு போய்விட்டது. பிறகு முழங்கையின் உட்புறம் விரலால் தட்டினார். சுரீரென்று சுண்டுவிரல் வரை பாய்ந்தது.

“அய்யோ மாதாவே!”

“குஷ்டமில்லை. முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது. இந்த வேலையை விட்டுவிடு.”

“கை சரியாவுமா, டாக்டரய்யா?”

“இதற்கு மேல் கெடாது. முன்பே வந்திருக்க வேண்டும்.”

உங்களுக்கும் சுண்டுவிரல் மரத்திருந்தால், ஊரார் வாயைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். முழங்கையை எதில் ஊன்றுகிறீர்கள் என்று பாருங்கள்.

ரோசலி தட்டுகளை ஒன்றாக அடுக்கினாள். என் வேலை போயிற்று. விரல்கள் நிமிரவேயில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகையில் நான் முன்னால் நடந்தேன். கோயில் வாசலில் குரல் கேட்டது.

“நைனா, மெள்ள நட. கால் நோவுது.”

குனிந்தேன். லூர்து என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“எப்பத்லேர்ந்து புடிச்சினு வர்றே, கண்ணு?”

“வூட்டாண்டேர்ந்தே.”