லேஞ்சி விரித்த இருக்கைகள்

மதினி ஃபரீதாவுக்கு முழங்காலில் ஒப்பரேசன் செய்து மூன்று மாதம். மாதமொரு முறை கொழும்பில் கிளினிக். போன முறை ரயிலில் கொழும்புக் கோட்டை ஸ்டேசன் வரை நின்றே போய், கால் வீங்கி, "இனி கிளினிக்கே வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் போன செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன்.

நுரைச்சோலையிலிருந்து விடியற்காலை 4.15க்கு ஆட்டோ. பாலாவி ஸ்டேசனுக்கு 2,500 ரூபா. "சீற் கிடைக்குமா தம்பி?" என்று சாரதியிடம் கேட்டேன்.

"ஏறக் கிடைச்சாலே அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க ராத்தா."

இப்போது எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம்.

5.10க்கு ரயில் வந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஆறு இருக்கைகள் காலி! ஒவ்வொன்றிலும் ஒரு லேஞ்சி விரித்திருந்தது. ரயில் புறப்படும் புத்தளத்தில் ஏறுகிறவர்கள், வழியில் சிலாபத்தில் ஏறும் கூட்டாளிகளுக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கும் வழக்கம். சிலாபத்துக்கு இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம். அதுவரை துணிக்கு மரியாதை செய்து மனிதர்கள் நிற்பார்கள்.

மதினியும் நின்றார். கால் நடுங்கியது. "அது அவங்கட சீற். சண்டை வேணாம்."

யன்னலோர லேஞ்சியை எடுத்து நான்காக மடித்தேன். "இரிங்க மதினி."

"ராத்தா, அதுக்கு ஆள் இருக்கு" என்றார் எதிரே இருந்தவர்.

"எங்க?"

"சிலாபத்தில."

"வரட்டும். லேஞ்சிக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் மற்ற ஐந்தைத் தொடவில்லை.

6.25க்குச் சிலாபத்தில் லேஞ்சிக்காரர் ஏறினார். லேஞ்சியைக் கையில் கொடுத்து, மதினியின் முழங்காலைக் காட்டினேன். அவர் அதாலேயே கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "முதலே தெரிஞ்சிருந்தா ரெண்டு போடச் சொல்லியிருப்பனே அக்கா" என்றார். கோட்டை வரை நின்றே வந்தார்.

8.50க்கு இறங்கினோம். கால் வீங்கவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ரயிலுக்கு இன்னும் இரண்டு பெட்டி வேண்டும் என்று கேட்பதை நாங்கள் எல்லோரும் விட்ட இடத்தில்தான் அந்தத் துணி விரிந்திருக்கிறது. நோயாளியோடு போகிறவர்கள் முடிந்தால் புத்தளத்திலேயே, இருபது நிமிடம் முந்தி ஏறுங்கள். முடியாவிட்டால் வாய் திறந்து கேளுங்கள்.

பின்னேரம் திரும்பும் ரயிலில் ஒரு நீல லேஞ்சி கிடந்தது. நான் வாய் திறக்குமுன் மதினி அதை மடித்துப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினார்.

"ஆள் வந்தா குடுங்க. அடுத்த மாசமும் நான் வருவேன் என்டும் சொல்லுங்க."