குச்சியைக் கீழே வைத்த டிரம்ஸ்காரர்

மூணாங்கிளாஸ் தாண்டாமலே குற்றாலத்தில் சொந்தமாக லாட்ஜ் கட்டியவன் நான். காரியம் நடக்க ஆளை எங்கே தட்டணும் என்பது எனக்குத்தான் தெரியும் என்று சொல்லித் திரிந்தவன்.

பிரிந்துபோன ஒரு ராக் பேண்டு, புது ஆல்பம் போட மறுபடி சேர்ந்து, ஒத்திகைக்கு என் லாட்ஜ் ஹாலை வாடகைக்கு எடுத்தது. டிரம்ஸ்காரர் தென்காசிக்காரர், மொட்டைத்தலை. சாப்பிடும்போதும் இடதுகைக் குச்சி தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

“நீ இல்லாம வேற ஆளோட பாடுன வருஷமெல்லாம் தாளம் சரியா இருந்துச்சுலே” என்றான் பாடகன் அவரிடம்.

அவர் குச்சிகளைத் தலையணைமேல் பதமாக வைத்துவிட்டு, அவனைச் சுவரோடு சாத்தி அடித்தார். புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். நான்தான் இழுத்துப் பிரித்தேன்.

“இந்த அடி அடிச்சீரு, வாயில மட்டும் ஒண்ணும் விழலையே?”

“நாளைக்கு அவன் பாடணும்லா, அண்ணாச்சி.”

அதன்பிறகு, ஆளை எங்கே தட்டணும் என்ற அந்தப் பெருமையை நான் பேசுவதில்லை.