மைக்கில் பாடியது யார்?

கல்யாணமோ கூட்டமோ, முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புகிறவன் மைக் செட்காரன். பந்தியில் மட்டும் அவனை யாரும் தேடமாட்டார்கள். ஒலிபெருக்கிக் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு மரம் ஏறியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளில் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பாட்டுப் போட்டுப் பிழைத்தவன் நான்.

துரைக்குப் பிடித்த பாட்டு

தொழிற்சங்கக் கூட்டம் என்றால் ஒரு குழாயைத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பார்த்தும், இன்னொன்றைத் தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவைப் பார்த்தும் கட்டுவது எங்கள் வழக்கம். கேட்க வேண்டியவர் காதில் விழ வேண்டுமே! கூட்டம் சேர்வதற்கென்றே ஒரு சினிமா ரிக்கார்டு வைத்திருந்தேன். நாங்கள் கட்டிய மாளிகையில் நீ எப்படித் தூங்குகிறாய் என்று கதாநாயகன் முதலாளியைக் கேட்கிற பாட்டு. கைதட்டல் அள்ளும். என்னவோ நானே கேட்டதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் கூட்டத்தின் நடுவே பங்களாச் சமையல்காரர் இறங்கி வந்தார். நிறுத்தச் சொல்லத்தான் வருகிறார் என்று சங்கத்துக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அவர் என் காதருகே குனிந்து சொன்னார்: "துரைக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்காம். பேச்சக் கொறச்சுட்டு அதையே இன்னொரு தடவ போடச் சொல்றாரு."

ஈரக்கழிவு

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கணக்கப்பிள்ளை சொன்னதுதான் எடை. மழை நாளில் இலை ஈரம் என்று கழிப்பார். வெயில் நாளிலும் பழக்கதோஷத்தில் கழிப்பார். தராசும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். பெண்களில் பேச்சியம்மாள் ஒருத்திதான் அதைத் தட்டிக் கேட்பாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். வேலை போனால் கம்பெனி கொடுத்த லயத்து அறையும் போய்விடும். அதனால் சண்டையாகக் கேட்காமல் பாட்டாகக் கேட்பாள், தெரிந்த சினிமா மெட்டில், கொழுந்து கிள்ளிக்கொண்டே.

அவசரநிலை வந்தது. கூட்டங்கள் நின்றன. சங்கத்துக்காரர்களே குரலைத் தாழ்த்திவிட்டார்கள். பயந்துபோய், நீயும் கொஞ்சம் அடக்கி வாசி தாயி என்றேன். அவள் சொன்னாள்: "கூடையில ஏத்துன கொழுந்து எறங்கும்போது கொறையுதுண்ணே. வாயையும் கொறைக்கச் சொல்றீகளா?"

நலங்கு

கூட்டம்தான் கூடாது, கல்யாணம் கூடும். பேச்சியம்மாளின் தங்கை மகள் கல்யாணத்துக்கு நான்தான் செட். கணக்கப்பிள்ளைக்கு முன்வரிசை நாற்காலி. நலங்கில் பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கேலி செய்து பாடுவார்கள். என்ன பாடினாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேச்சியம்மாள் என் மைக்கை வாங்கினாள். துரைக்குப் பிடித்த அதே ரிக்கார்டின் மெட்டு, சொல் மட்டும் அவளுடையது:

"மஞ்சப் பூசும் மாப்பிள்ளைக்குத் தராசுக் கையாம்,
மழை பேஞ்சா எங் கொழுந்துக்கு எடையே பொய்யாம்!"

மாப்பிள்ளை லாரி டிரைவர். அவருக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம்? கணக்கப்பிள்ளையும் முதலில் சிரித்தார். பெண்கள் மொத்தமாகத் திரும்பி அவரையே பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. நானோ கை பழகிய பழக்கத்தில், கல்யாணத்துக்கும் ஒரு குழாயைப் பங்களாவைப் பார்த்துக் கட்டியிருந்தேன். சாப்பிடாமல் எழுந்த கணக்கப்பிள்ளை என்னிடம் வந்து கேட்டார்: "மைக்க அணைக்கிற சுவிச்சு எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாதாவே?"

துரை போட்ட தாளம்

மறுநாள் தோட்ட ஆபீசில் துரை முன் விசாரணை: பங்களா வரை கேட்ட அந்தப் பாட்டைப் பாடியது யார்? கணக்கப்பிள்ளை பேச்சியம்மாளைக் கைகாட்டினார். அவருக்கு அவள்மேல் ஆத்திரம் என்பது துரைக்கும் தெரியும். ஆகவே சாட்சிக்கு இன்னொரு வாய் தேவைப்பட்டது. அது என் வாய். ரிக்கார்டுதான் ஓடியது, அவள் கூடவே முணுமுணுத்தாள் என்று துணிந்து சொன்னேன். ரிக்கார்டைக் கொண்டுவந்து போடச் சொன்னார்கள். போட்டேன். துரையின் முகம் மலர்ந்தது, விரல்கள் மேஜையில் தாளம் போட்டன. கூட இருந்த மலையாளத்துப் போலீஸ்காரர், "சென்சார் பாஸாக்கின பாட்டல்லே சாரே, இதில் எந்து கேஸ்?" என்றார். எனக்கு உயிர் வந்தது.

வராந்தாவில் நின்றிருந்த பேச்சியம்மாள் யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தாள். பாடியது நான்தான், சொல்லும் என்னுடையதுதான் என்றாள். பிள்ளைகளை நினைத்துப் பார் என்று பதறினேன். என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "சினிமாப் பாட்டுன்னா துரை தாளம் போட்டுட்டுப் போயிருவாரு. நான் பாடுனதுன்னா தராசப் பாக்கணும்ல?"

போடி ஜீப்

வேலை போயிற்று. அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆனால் அன்று சாயங்காலமே பெண்களில் ஒருத்திகூடக் கூடையைத் தராசில் வைக்கவில்லை. கொழுந்து வதங்கத் தொடங்கியதும் துரையே கொட்டகைக்கு இறங்கி வந்தார். இரண்டொரு நாளில் புதுத் தராசு வந்தது. பேச்சியம்மாளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று பெண்கள் கேட்டார்கள்; அது மட்டும் நடக்கவில்லை.

மலையிறங்கிப் போடிக்குப் போகும் ஜீப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தகரப் பெட்டி. தராசை மாற்றிவிட்டார்கள் தாயி என்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நேரா நிக்குதாண்ணே?"

எத்தனையோ புரட்சிப் பாட்டுகளை ரிக்கார்டு தேயத் தேயப் போட்டவன் நான். தராசை நேராக்கிய பாட்டை மட்டும் எந்தக் கம்பெனியும் ரிக்கார்டு போடவில்லை.