ஏழு படம் பிந்திய குரல்

உதட்டுக்காரர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். காமிரா டேப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது படம் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போய்விடும். இரண்டையும் இழுத்துப் பிடித்துச் சேர்த்து வைப்பதுதான் அவர் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வாயைப் பார்த்துப் பார்த்து, நேரில் பேசுகிறவர்களிடமும் உதட்டைத்தான் பார்ப்பார். "நான் கத்துறது எதுவும் அவர் காதுல ஏறாது. வாய் சரியா அசையுதான்னு மட்டும் பாப்பாரு" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். பத்தாவதைத் தாண்டாத அந்த மனுஷர் முன்னால், பட்டம் வாங்கியவர்களே கையைப் பிசைந்துகொண்டு நின்றதுண்டு.

அன்று மதியம் மாடிப்படி ஏறி வந்தவன் பட்டறைக்காரன். தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். கையில் ஒரு டேப், ஒரு சி.டி.

"பேச்சு பின்னாடி வருதுண்ணே. சரி பண்ணித் தாங்க."

புது மிஷினை ஓட்டிக் காட்டிய நாளில் முதலாளி மகன் எடுத்த படம். லீவரை இழுக்கும் முன் "விடுறேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும், மிஷினுக்குள் தகடு வைப்பவன் விலகிக்கொள்வான். அன்று உள்ளே குனிந்திருந்தது பட்டறைக்காரனின் சொந்தத் தம்பி. அவன் எழுந்திருக்கவே இல்லை. சி.டி.யில் லீவர் இறங்கி முழுசாக ஒரு வினாடி கழித்துத்தான் "விடுறேன்!" கேட்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து தாய் பெரிய மகனான தன்னிடம் பேசுவதில்லை என்றான்.

"நான் முதல்லயே கத்தினேண்ணே. சத்தியமா."

"சி.டி.க்கு மாத்துனவன் அரைகுறையா மாத்தியிருக்கான். நடுநடுவுல படம் விட்டுப்போச்சு, அதான் சத்தம் பிந்துது. இரு, பாப்போம்."

டேப்பிலிருந்து புதிதாக ஏற்றினார். பட்டறைக்காரன் முதுகு காட்டி நின்றதால் உதடு தெரியவில்லை. நல்ல வேளை, பின்னால் ஒருவர் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் தொடுவதும் 'டங்'கும் ஒன்றாக விழுகிறதா என்று அடிக்கு அடி பார்த்தார். கச்சிதம். பிறகு லீவருக்கு வந்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"என்னண்ணே?"

"ஒரு வினாடிக்கு இருபத்தஞ்சு படம்ப்பா. நீ லீவரை இழுத்து ஏழு படம் போனப்புறம்தான் குரல் வருது."

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஏழுதானே... கொஞ்சம் முன்னாடி தள்ளிடுங்கண்ணே. அம்மாவுக்குக் காட்டத்தான்."

வேறு எவனாவது கேட்டிருந்தால் டேப்பைத் தூக்கி எறிந்திருப்பார். குரலைப் பதினைந்து படம் முன்னால் தள்ளினார். இப்போது "விடுறேன்!" முந்தி வந்தது, லீவர் பிந்தி இறங்கியது. ஆனால் சுத்தியல் அந்தரத்தில் இருக்கும்போதே 'டங்' என்றது.

"இதையெல்லாம் யாருப்பா கவனிக்கப் போறா?"

"அம்மா பதினோரு வருஷம் அந்தப் பட்டறையக் கூட்டினவங்கண்ணே. அவங்களுக்கா தெரியாது?" முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரியா இருக்கறதையே குடுங்க."

புது சி.டி.யைக் கையில் வாங்கியவன் கேட்டான்: "முன்ன இருபத்தஞ்சு. இப்ப ஏழு. குறைஞ்சிருக்குல்ல?"

"குறைஞ்சிருக்குப்பா." டேப்பையும் எடுத்து அவனிடம் நீட்டினார். "அம்மா பேசறதே இல்லன்ன. எப்படிக் காட்டுவ?"

"டிவியில போட்டுவிட்டுட்டு நான் வெளிய போய் நின்னுக்கிறேன்."